குடும்பத்தோடு மலைக்குப் போய் நல்ல லேண்ட்ஸ்கேப் படம் எடுக்க: முதல் முறை போகிறவர்களுக்கு

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ குடும்பத்தோடு போய்விட்டு வந்து படங்களைத் திறந்து பார்த்தால், வெளிறிய வானம், கறுத்துப்போன மரம், நடுவில் யாரோ ஒருவருடைய முதுகு. உடனே கேமராவை மாற்ற வேண்டும் என்று தோன்றும். மாற்ற வேண்டாம். மலையில் நல்ல வெளிச்சம் இருக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் நாம் செக்போஸ்ட் வரிசையிலோ, பூட்டிய விடுதிக் கேட்டுக்கு உள்ளேயோ, டிபன் வருவதற்காகவோ காத்திருக்கிறோம். பயணத்தைச் சரியாகத் திட்டமிட்டால் கையில் இருக்கும் போனிலேயே நல்ல படம் வரும். நாங்கள் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பள்ளி விடுமுறை என்றால் பெரும்பாலும் ஏப்ரல், மே. படத்துக்கு இது சுமாரான காலம். தூரத்து மலைகள் புகைமூட்டமாகத் தெரியும், கூட்டமும் உச்சத்தில் இருக்கும். காலாண்டு விடுமுறையோ, அரையாண்டு விடுமுறையோ, பொங்கலை ஒட்டிய நாட்களோ கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நீலகிரியின் மேற்குப் பகுதியும் வால்பாறையும் நனைந்துகொண்டே இருக்கும். பச்சை அள்ளும், ஆனால் நாள் முழுக்க வெயிலே வராமலும் போகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொடைக்கானல் பக்கம் நன்றாகப் பெய்யும். மழை விட்ட மறுநாள் காலை காற்று கழுவிவிட்டது மாதிரி இருக்கும். அப்படி ஒரு காலை கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி படரும். வெயில் ஏறினால் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் சூரியன் வருவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்.

குறிஞ்சிப் பூ பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018ல் பரவலாகப் பூத்தது. அடுத்து 2030. நடுவில் “இப்போது பூத்திருக்கிறது” என்று வரும் படங்களில் பல வேறு வகைக் குறிஞ்சிகள். அதை நம்பி லீவு போடாதீர்கள்.

2. இ-பாஸ் எடுங்கள், அதற்குக் காசு கிடையாது

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 நவம்பரில் வால்பாறைக்கும் வந்துவிட்டது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்குத் தேவையில்லை.

தமிழ்நாடு அரசின் இ-பாஸ் தளத்தில் எடுக்க வேண்டும். போன் நம்பர் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதற்கப்புறம் பெயர், முகவரி, வண்டி எண், வண்டி வகை, எத்தனை பேர், எந்தத் தேதியில் நுழைகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள். எல்லாம் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. பாஸை போனில் சேமித்து, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். மலையடிவாரத்தில் சிக்னல் போனால் தளம் திறக்காது.

சிக்கல்கள் எங்கே வரும் என்றால்:

இணையத்தில் தேடினால் இடைத்தரகர்களின் பக்கங்கள் மேலே வந்து நிற்கும். எங்களிடமும் ஒருவர் தலைக்கு இவ்வளவு என்று கேட்டார். பாஸ் இலவசம். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

கூட்டக் காலத்தில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வரம்பு முடிந்தால் அந்தத் தேதி கிடைக்காது. ஆகவே விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைக் கார் என்றால் வண்டி எண் முந்தின நாள் இரவுதான் சொல்வார்கள். இரண்டு நாள் முன்பே எண் வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் வண்டி மாறினால் பாஸும் மாற வேண்டும்.

ஒரே பயணத்தில் இரண்டு மலைகளுக்குப் போகிறீர்கள் என்றால் தனித்தனி பாஸ்.

3. செக்போஸ்ட் நேரத்தைக் கணக்கில் சேருங்கள்

மேட்டுப்பாளையம் வழியாக என்றால் கல்லாறில் பார்ப்பார்கள், கோத்தகிரி வழி என்றால் குஞ்சப்பனையில். கொடைக்கானலுக்கு வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே. விடுமுறை நாளில் காலை 9 மணிக்கு மேல் போனால் வரிசை நீளும். அடிவாரத்தில் முந்தின இரவே தங்கிவிட்டு விடியற்காலையில் ஏறுவது நல்லது. பத்தலகுண்டிலோ மேட்டுப்பாளையத்திலோ அறை வாடகையும் மலையை விடக் குறைவு.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் நான்கும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று கிளம்பும் வாரத்திலேயே பாருங்கள். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்துப் போகாதீர்கள். நிறுத்தினால் பயணமே கெட்டுவிடும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பாட்டிலுக்கு ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. சில்வர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். வண்டியைச் சோதித்தால் அரை மணி நேரம் போகும், அந்த அரை மணி நேரம்தான் உங்கள் வெளிச்சம்.

இன்னும் இரண்டு. மே மாதக் கூட்டத்தில் நீலகிரிக்குக் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை ஆக்குவதுண்டு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள், விபத்துகள் அதிகம். மேப் அந்த வழியைத்தான் காட்டும், கூடலூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

4. விடுதியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

“காலை அஞ்சரைக்கு வெளியே போகணும், கேட் திறப்பீங்களா?”

அறையில் டி.வி. இருக்கிறதா, வெந்நீர் வருமா என்பதை எல்லோரும் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை. மலையில் பல விடுதிகளில் காலை 7 மணி வரை கேட் பூட்டியிருக்கும், வாட்ச்மேன் தூங்குவார். எங்களுக்கு ஓரிடத்தில் சூரியன் நன்றாக மேலே வந்த பிறகுதான் கேட் திறந்தது. முன்பதிவின்போதே கேளுங்கள், இரவு படுக்கும் முன் வாட்ச்மேனிடம் நேரில் ஒருமுறை சொல்லுங்கள். காரை வாசலைப் பார்த்து, பின்னால் வேறு வண்டி வந்து அடைக்காத இடத்தில் நிறுத்துங்கள்.

டிரைவரோடு போனால் முந்தின நாள் மாலையே நேரம் சொல்லிவிட வேண்டும். ராத்திரி 11 மணிக்கு வந்து சேர்ந்துவிட்டு விடியற்காலை ஐந்துக்கு எழுப்புவது நியாயமில்லை, மலைப்பாதையில் ஆபத்தும்கூட. பேட்டாவோடு சேர்த்து, சீக்கிரம் கிளம்பும் நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.

நடந்து போகும் தூரத்தில் காட்சி இருக்கும் விடுதி கிடைத்தால், வாடகை சற்றுக் கூடினாலும் அதை எடுங்கள். குழந்தைகள் தூங்கும்போது ஒருவர் அறையில் இருக்க, இன்னொருவர் போய்வரலாம். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம்.

5. என்ன வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம்

முதல் பயணத்துக்குப் புதிய கேமரா வேண்டாம். போனும் ஒரு சின்ன டிரைபாடும் போதும். எடை குறைந்த அலுமினிய டிரைபாட் 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. போனை மாட்டும் கிளாம்ப் தனியாக 200, 300 ரூபாய். கடையில் டிரைபாடை முழு உயரத்துக்கு நீட்டி, தலையில் கை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். ஆடினால் மலைக்காற்றில் நிற்காது.

பழைய டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா) வாங்குகிறீர்களா? லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் இது மிகச் சாதாரணம், சுத்தம் செய்யும் செலவில் லென்ஸ் விலையில் பாதி போய்விடும். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் கேமராவின் அடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கத் தகுந்த ஒரே ஃபில்டர் சர்குலர் போலரைசர். ஈர இலையின் மினுமினுப்பையும் ஏரி நீரின் பளபளப்பையும் குறைத்து நிறத்தை மேலே கொண்டுவரும். இந்த வேலையைப் பிறகு கணினியில் செய்ய முடியாது. மற்ற ஃபில்டர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மைக்ரோ ஃபைபர் துணி இரண்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள், கூடுதல் பேட்டரி அல்லது பவர் பேங்க். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் போர்வைக்குள்ளோ, காலையில் சட்டைப் பையிலோ உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

6. கிளம்புவதற்கு முன் ஊர் ஏரிக்கரையில் ஒரு காலை

பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரிக்கரைக்கோ வயல் வரப்புக்கோ விடியும் முன் போங்கள். டிரைபாடை இருட்டில் விரிக்கத் தெரிகிறதா, போனில் டைமர் எங்கே இருக்கிறது, தொடுவானம் நேராக இருக்கிறதா என்பதையெல்லாம் அங்கே பழகிவிட வேண்டும். மலையில் குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும்போது பழக முடியாது. டெல்டா பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். சம்பா நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கும்போது வானம் முழுக்கத் தரையில் இருக்கும்.

வரப்பில் நடக்கும்போது நாற்றை மிதிக்காதீர்கள். வயலில் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். தென்காசி சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் படமெடுக்க வருபவர்கள் செடிகளுக்குள் புகுந்து உடைத்துவிடுகிறார்கள். அது ஒருவருடைய ஆண்டு வருமானம்.

7. எங்கே நிற்பது

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். டிக்கெட் கொடுக்கும் வியூ பாயின்ட்டுகள் பெரும்பாலும் காலை 8, 9 மணிக்குத்தான் திறக்கின்றன. தூண் பாறை, குணா குகை, பைன் காடு, தொட்டபெட்டா எல்லாம் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய இடங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் அவை திறக்கும்போது சாய்ந்த வெளிச்சம் போயிருக்கும். காலைப் படத்துக்குக் கேட் இல்லாத இடம் வேண்டும்.

கொடைக்கானலில் எனக்குப் பிடித்தது பூம்பாறை. ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சாலையோரம் நின்றாலே கீழே கிராமமும் படிவயல்களும் முழுதாகத் தெரியும். புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் மண் இது. சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிழல் கோடு விழும், நடுப்பகலில் அதே இடம் தட்டையாகத் தெரியும். ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயிலும் இருப்பதால் பெரியவர்கள் மறுக்காமல் வருவார்கள். மேலும் போனால் மன்னவனூர் புல்வெளி.

ஊட்டி பக்கம் கேத்தி பள்ளத்தாக்கு. குன்னூர் சாலையில் ஓரமாக நிறுத்த இடம் இருக்கும் வளைவுகளில் மட்டும் நிறுத்துங்கள். வால்பாறை ஏறும்போது 9ஆவது கொண்டை ஊசி வளைவில் ஆழியாறு அணை முழுக்கக் கீழே தெரியும். வரையாடுகளும் பாறையில் நிற்கும். தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

தேயிலைத் தோட்டங்கள் தனியார் இடம். சாலையிலிருந்து எடுக்கலாம். உள்ளே இறங்க அனுமதி கேட்க வேண்டும். இலை பறிக்கும் பெண்களைப் படமெடுப்பதற்கு முன், “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

8. காலை: உதயத்துக்கு அரை மணி முன்னால்

கொடைக்கானலில் மே மாதம் 6 மணியை ஒட்டியும், ஜனவரி இறுதியில் 6.40ஐ ஒட்டியும் சூரியன் உதிக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் பொன்வெளிச்சம் (உதயத்தை ஒட்டிய மஞ்சள் வெளிச்சம்) இரண்டு மணி நேரம் இருக்கும் என்பார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக ஏறும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இங்கே அது கிட்டத்தட்ட நேராக மேலே போகிறது. உதயத்திலிருந்து முக்கால் மணி நேரம்தான் கணக்கு. உதயத்துக்கு முந்தைய நீல வெளிச்சமும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே உதயத்துக்கு அரை மணி முன்பே டிரைபாட் நின்றாக வேண்டும்.

இருட்டில் தனியாக நடக்காதீர்கள். கொடைக்கானலில் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே விடியற்காலையில் சாலையில் நிற்கும். அமைதியாகத்தான் தெரியும், பக்கத்தில் போனால் பாய்ந்துவிடும். டார்ச் வேண்டும், மாடு தெரிந்தால் காருக்குள்ளேயே இருங்கள்.

அறைக்குத் திரும்பும்போது கேமராவைப் பைக்குள் வைத்து மூடிக் கொண்டுபோங்கள். குளிர்ந்த லென்ஸ் சூடான அறைக்குள் நுழைந்தால் நீர் படியும். அரை மணி கழித்துத் திறந்தால் போதும்.

9. படம் எடுக்கும்போது

போனில்: லென்ஸைத் துடையுங்கள். திரையில் கட்டக் கோடுகளை (கிரிட்) ஆன் செய்யுங்கள். வானத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) பூட்டி, கொஞ்சம் கீழே இழுங்கள். வானம் வெளிறாமல் இருக்கும். 3 விநாடி டைமர் வையுங்கள், விரல் பட்டு ஆடாது. அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளுக்கு வைடு லென்ஸ் (அகலமாகக் காட்டும் லென்ஸ்) உதவாது. போனில் தனியாக 2 அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம்.

கேமராவில்: ரா வடிவம் (கேமரா சுருக்காமல் வைக்கும் அசல் கோப்பு), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, லென்ஸ் துளையின் அளவு எஃப் 8 முதல் எஃப் 11 வரை. டிரைபாடில் இருக்கும்போது ஷட்டர் வேகம் எவ்வளவு குறைந்தாலும் கவலை இல்லை. போலரைசர், சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். மிக வைடாக வைத்து வானத்தை எடுத்தால் ஒரு பக்கம் கறுத்துவிடும்.

மூடுபனியில் கேமரா ஏமாறும். வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). மூடுபனி வந்துவிட்டதே என்று திரும்பிப் போகாதீர்கள். தூரத்துக் காட்சியை விட்டுவிட்டு ஒற்றை மரம், வேலி, வளைந்து போகும் பாதை என்று அருகில் பாருங்கள். புதியவர்களுக்கு நல்ல படம் பெரும்பாலும் பனியில்தான் கிடைக்கிறது, கவனத்தைச் சிதறடிக்கும் எல்லாவற்றையும் அது மறைத்துவிடுகிறது.

10. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து

காலை உங்களுக்கு, சாயங்காலம் எல்லோருக்கும் என்று வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். மாலை நாலரைக்கு டீயும் பஜ்ஜியும் முடித்துவிட்டு ஐந்து மணிக்கு அந்த இடத்தில் இருங்கள். பசியோடு இருக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு அஸ்தமனம் எடுக்க முடியாது. தாத்தாவோ மகளோ தூரத்தில் நடந்து போகட்டும். படத்தில் சின்னதாக ஒரு ஆள் இருந்தால்தான் மலையின் உயரம் தெரியும். “இங்க பாரு” என்று கூப்பிடாதீர்கள்.

11. காடு, டிரோன், அணை

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் உண்டு. யானை நடமாட்டம் இருந்தால் சில நாட்கள் மூடிவிடுவார்கள். அதை மட்டும் நம்பிப் பயணத்தை அமைக்காதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் “குறுக்கு வழி தெரியும்” என்று யாராவது கூட்டிப்போனால் போகாதீர்கள். 2018 மார்ச் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. நடக்க ஆசை இருந்தால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. ஆன்லைனில் மட்டும் பதிவு, அடையாள அட்டை தேவை, வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். குடும்பத்தோடு என்றால் எளிது என்று குறித்திருக்கும் பாதையை எடுங்கள். காட்டுத்தீ காலத்தில் மூடியிருக்கும், முன்பே பாருங்கள்.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 250 கிராமுக்குள் இருந்தால் பைலட் உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அனுமதியில்லாமல் காட்டின் மேல் பறக்கவிட அது போதாது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினரைக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். முழு டிரோனை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது.

முதுமலை சாலையில் வண்டியை நிறுத்திப் படமெடுத்தால் அபராதம். இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலையில் பொதுவாகப் போக்குவரத்தே கிடையாது. அணைகளில் படமெடுக்கக் கூடாது என்ற பலகை இருந்தால் போனைக்கூட எடுக்காதீர்கள். மலை ரயில் படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்கி நடப்பது ரயில்வே சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பிளாட்பாரத்திலிருந்தே நல்ல படம் கிடைக்கும்.

12. அன்றன்று இரவே காப்பி

ஒவ்வொரு இரவும் படங்களை இன்னொரு இடத்துக்குக் காப்பி எடுங்கள், லேப்டாப்போ, போனில் செருகும் ஓ.டி.ஜி. பென் டிரைவோ எதுவானாலும் சரி. கார்டை ஊர் திரும்பும் வரை அழிக்க வேண்டாம். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் படம் சுருங்கிவிடும். பிரிண்ட் போடுவதானால் அசல் கோப்பை பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு 8க்கு 12 அங்குல பிரிண்ட் போட்டு நிறம் சரியா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.